இலையின் பெயரையும் எழுதுங்கள்

காலையில் கைப்பேசியைத் திறந்தால் பத்து இலைகளாவது வந்து விழுகின்றன. பச்சை இலை, நுனியில் ஒரு துளி, பின்னால் பொன்னிற வெளிச்சம், மேலே 'காலை வணக்கம்' என்ற எழுத்து. அனுப்பியவர் நம் உறவினராகவோ சங்க அன்பராகவோ இருப்பார். எந்த மரத்து இலை, எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது, அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. பெயரும் ஊரும் இல்லாத இலைகள் இப்படி வீடு வீடாகச் சுற்றுகின்றன.

இலையை மிக அண்மையில் நின்று, அதிகாலை ஒளியில் படம் எடுப்பது நல்ல கலை. பெங்களூரில் ஞாயிறு காலையில் லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் கேமராவும் முக்காலியுமாக நிற்கும் இளைஞர் கூட்டத்தைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. அவர்களில் தமிழ் பேசும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இந்தக் கலையில் இன்று இரண்டு குறைகளைக் காண்கிறேன். ஒன்று, இலையிடம் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. மற்றொன்று, அதன் பெயரைக் கேட்பதில்லை. இவ்விரண்டும் சின்ன விஷயங்கள் அல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஏன் காலை, ஏன் பெங்களூர்?

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பும், ஜனவரி இறுதியில் ஆறே முக்கால் மணியை ஒட்டியும் சூரியன் உதிக்கிறது. கார்த்திகை முதல் தை வரை, வானம் தெளிந்த இரவுகளில், இலை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பனித்துளியாகிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப் போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி நம்மை வந்தடைகின்றன. காலை ஒளியின் பொன்னிறம் இதுதான்.

படம் எடுப்பவருக்கு ஒளியைவிடப் பெரிய வரம், காற்று அடங்கியிருப்பது. தரை சூடேறிய பிறகுதான் காற்று கிளம்பும். சுமார் எட்டு மணிக்கு மேல் இலைகள் ஆடத் தொடங்கிவிடுகின்றன. ஒரு சென்டிமீட்டர் இலையை ஃபிலிமிலோ உணரியிலோ அதே ஒரு சென்டிமீட்டர் அளவில் பதிய வைத்தால், லென்சின் துளையை நன்றாகச் சுருக்கினாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். உள்ளே வரும் ஒளியும் கால் பங்காகக் குறைந்துவிடும். ஆகவே ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் இலை ஒரு மயிரிழை அசைந்தாலும் படம் கெட்டது. அரச மரத்து இலையைப் படம் எடுக்க முயன்றவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியும். அதன் காம்பு நீண்டு மெலிந்தது. நமக்குத் தெரியாத காற்றுகூட அதற்குத் தெரியும்.

இலைக்குப் பின்னால் சூரியன் நிற்கும்படி பார்த்தால் வேறோர் உலகம் திறக்கிறது. இலை தன் உணவுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு பிடித்து வைத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. அதனால்தான் பின்னொளியில் இலை விளக்குப் போல எரிகிறது. நடு நரம்பு, கிளை நரம்பு, அதிலிருந்து பிரியும் மயிர் நரம்பு என்று ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிகிறது. தமிழன் இலைக்கும் 'நரம்பு' என்றே பெயர் வைத்தான். பின்னொளியில் ஒரு முறை பார்த்தவர்கள் அந்தச் சொல்லின் பொருத்தத்தை உணர்வார்கள்.

கப்பன் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன. மாலையானால் சிற்றிலைகளை மடித்துக்கொண்டு தூங்கும், காலையில் விரிக்கும். மேகம் கவிந்தால் பகலிலும் மடித்துக்கொள்வதுண்டு. விடியுமுன் சென்று ஒரே கிளையைப் பார்த்து நின்றிருக்கிறேன். விரிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அரை மணிக்குப் பின் பார்த்தால் விரிந்திருக்கிறது. ஒரே கிளையைப் பதினைந்து நிமிட இடைவெளியில் நான்கு படம் எடுத்து வரிசையாக வைத்தால், எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு ஈடாகாது. நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம், செலவு ஒன்றுமில்லை.

மூத்தோர் சென்ற வழி

இயற்கைப் படக்கலையில் பெங்களூருக்குப் பெரிய மரபு உண்டு. 2017-இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள் இந்நகரில் வாழ்ந்து உலகப் புகழ் பெற்றவர். ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற முன்னோடியிடம் பயின்று, தாமும் பலருக்கு ஆசானாக விளங்கினார். இங்குள்ள யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி 1971-இல் தொடங்கியது. தமிழ் நாவல் முன்னோடி அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இளமையில் சில காலம் கர்நாடகத்தின் சண்டூரில் வாழ்ந்தவர். பல பாகங்களைத் தாமே ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் 1950 முதல் வாழ்வின் இறுதிவரை இயற்கையைப் பற்றி எழுதினார், தமிழிலும் எழுதினார்.

இவர்கள் விலங்குக்கும் பறவைக்கும் பெயர் பெற்றவர்கள். இலைப் படக்காரருக்கு இவர்களிடம் என்ன பாடம் என்று கேட்கலாம். பாடம் அவர்கள் காலத்து ஒழுங்கில் இருக்கிறது. ஒரு சுருளில் 36 படம். கழுவி வரும்வரை முடிவு தெரியாது. ஆகவே அழுத்துமுன் பார்த்தார்கள், பார்க்குமுன் காத்திருந்தார்கள். கூட்டை மறைக்கும் கிளையை வெட்டாதே, கயிற்றால் ஒதுக்கிக் கட்டு, எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிடு என்பது அக்காலப் பறவைப் படக்காரரின் பாலபாடம். இன்று கூட்டின் அருகிலேயே போகாதே என்கிறார்கள். அது இன்னும் நல்லது. படத்தைவிடப் படத்தில் இருப்பது பெரிது என்ற எண்ணமே இரண்டுக்கும் அடிப்படை.

தெளித்த துளி

இன்று லால்பாக்கில் நான் காண்பது வேறு. பையிலிருந்து முதலில் வெளிவருவது கேமரா அல்ல, தண்ணீர் தெளிக்கும் புட்டி. சிலர் அதில் கிளிசரினும் கலந்து வருகிறார்கள். துளி உலராமல் நிற்குமாம். பின்னணியில் இடையூறாக இருக்கும் இலைகளைக் கிள்ளி எறிகிறார்கள். ஒரு தளிரை ஒடித்து, வெளிச்சம் விழும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் செருகிப் படம் எடுத்த இளைஞரிடம் கேட்டேன். "ஒரு இலைதானே சார்?" என்றார், மிகப் பணிவாக. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அப்படித்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பூங்கா 1760-இல் ஹைதர் அலி தொடங்கியது. இன்று 240 ஏக்கர். எத்தனை தலைமுறைத் தோட்டக்காரர்களின் கைபட்டு வளர்ந்த இடம்! இந்நகரின் தோட்டக்கலைக்குப் பெயர்பெற்ற திகளர் சமூகத்தினரின் முன்னோர் தமிழகப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். அந்த மண்ணில் நம் பிள்ளை தளிரைக் கிள்ளி எறிவதைக் காண மனம் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் ஒவ்வொருவரும் ஓர் இலையைக் கிள்ளினால் செடியில் என்ன மிஞ்சும்?

தெளிப்பதில் என்ன தீங்கு, தண்ணீர்தானே என்பீர்கள். துளி நிற்கும் இடம் ஒரு செய்தி சொல்கிறது. அந்தச் செய்தியைத் தெளித்த தண்ணீர் பொய்யாக்கிவிடுகிறது. இரவுப் பனி இலைமேல் பொடிப்பொடியாய், பூமுடி இருந்தால் அதன்மேல் முத்துக் கோத்ததுபோல் படியும். சேப்பங்கிழங்கு இலையின் நுனியிலும் புல்லின் முனையிலும் விடியற்காலையில் தொங்கும் பெரிய துளி பல நேரங்களில் பனியே அல்ல. இரவில் வேர் உறிஞ்சிய நீர், ஆவியாகிப் போக வழியின்றி மேலே தள்ளப்பட்டு, இலை ஓரத்திலுள்ள நுண்துளைகள் வழியே கசிந்து நிற்கிறது. அது செடிக்குள்ளிருந்தே வந்த நீர். தாமரை இலையில் நீர் ஒட்டாமல் உருள்வதை நம் பழமொழி எப்போதோ சொல்லிவிட்டது. அந்த இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகுமே காரணம் என்பதையும், உருளும் துளி அழுக்கையும் அள்ளிச் செல்கிறது என்பதையும் ஜெர்மானியத் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-இல் வெளிவந்த ஆய்வில் விளக்கினார். ஒரு துளியில் இவ்வளவு இருக்கிறது. புட்டியிலிருந்து தெளித்த துளியில் புட்டியைத் தவிர வேறொன்றுமில்லை.

இப்போது தெளிக்கவும் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் இலையையும் துளியையும் அதுவே வரைந்து தருகிறது. எந்தக் காலையிலும் எந்த மரத்திலும் இல்லாத இலை அது. இந்த நிலையில், உண்மையாக எடுத்த படத்துக்கு மதிப்பு கூடத்தான் வேண்டும். ஆனால் அது உண்மை என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை எடுப்பவரே காப்பாற்ற வேண்டாமா?

ஒரு மறுப்பும் விடையும்

"கலைக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? பெரிய கலைஞர்களும் இலையை வெட்டித்தானே எடுத்தார்கள்?" என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். உண்மைதான். கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் (1865–1932) செடிகளை வெட்டிக் கொண்டுவந்து, நேர்த்தி செய்து, வெறும் பின்னணியில் நிறுத்தி, தாமே செய்த கேமராவால் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்தார். பெர்லினில் கலைப் பள்ளி ஆசிரியரான அவர், மாணவர்களுக்கு வடிவம் கற்பிக்கவே அவற்றைப் பயன்படுத்தினார். 1928-இல் அவை நூலாக வந்தபோது உலகம் வியந்தது. சுருண்ட பெரணித் தளிர் இரும்பு வேலைப்பாடுபோல் இருந்தது.

ஆனால் அவர் மறைக்கவில்லை. தம் படங்களைக் காட்டில் கண்ட காட்சி என்று சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் செடியின் பெயரும் எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்ற கணக்கும் உண்டு. அறைக்குள் எடுத்தால் அறைக்குள் எடுத்தது என்று சொல்லுங்கள். தெளித்தால் தெளித்தது என்று எழுதுங்கள். யாரும் குறை சொல்லப் போவதில்லை. அமெரிக்க, பிரிட்டானிய, அனைத்துலக ஒளிப்பட அமைப்புகள் மூன்றும் கூடி 2014-இல் இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறை வகுத்தன. படத்தில் இல்லாததைச் சேர்க்கவும் இருப்பதை நீக்கவும் அது இடம் தருவதில்லை. மனிதன் செயற்கையாகக் கலந்து உருவாக்கிய செடியையும் அது ஏற்பதில்லை. ஆகவே மலர்க்கண்காட்சியில் பரிசு பெறும் கலப்பின ரோஜா, எவ்வளவு அழகாக இருந்தாலும், இயற்கைப் பிரிவில் நுழைய முடியாது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் போட்டிக்குரிய விதி என்பதற்காக அல்லாமல், பார்ப்பவருக்கு நாம் தரும் வாக்கு என்று எண்ணினால் இதன் நியாயம் விளங்கும்.

தளிரும் தளிருவும்

இனிப் பெயருக்கு வருகிறேன். தமிழ்ச் சங்கத்து இதழில் இதை எழுதுவதற்கே காரணம் இதுதான்.

உலகில் இலைக்கு நம்மைப்போல் பெயர் வைத்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேம்புக்கு இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை. காய்ந்த இலை சருகு, காய்ந்த தாளும் தோகையும் சண்டு. இளமையிலும் வேறுபாடு: வேம்பு என்றால் கொழுந்து, தென்னை என்றால் குருத்து. மொழிஞாயிறு பாவாணர் இச்சொற்களைத் தொகுத்து வகைப்படுத்திக் காட்டியதைப் பலரும் பள்ளியில் படித்திருப்பீர்கள். தொல்காப்பியத்து மரபியலோ, வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்து, இரண்டின் உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் சொல்கிறது. கூர்ந்து பார்க்காமல் இப்படிப் பெயரிட முடியாது. லென்ஸ் இல்லாமலே அண்மைப் படம் எடுத்த கண்கள் அவை.

மாந்தளிர் நிறம் என்று ஒரு நிறத்துக்கே பெயர் இருக்கிறது. மார்கழி கழிந்து மா துளிர்க்கும்போது காலை வெளிச்சத்தில் நின்று பாருங்கள். செம்பும் ஊதாவும் கலந்த அந்த நிறத்துக்கு வேறு பெயர் பொருந்தாது. பச்சையம் நிறையுமுன் இளம் இலையில் தங்கும் சிவப்பு நிறமி, கடும் வெயிலிலிருந்து அதைக் காக்கிறது என்று விளக்குகிறார்கள். அசோக மரத்தின் தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். நாளாக ஆகத்தான் நிமிரும். அரசு பிப்ரவரி, மார்ச்சில் இளஞ்சிவப்பாகத் துளிர்க்கும். இவற்றையெல்லாம் எடுத்து, கீழே 'பசுமை' என்று ஒரு சொல் எழுதி அனுப்புவது எவ்வளவு ஏழ்மை!

நாம் வாழும் ஊரின் மொழியிலும் இந்தச் செல்வம் இருக்கிறது. தளிரைக் கன்னடத்தில் தளிரு என்பார்கள். சிகுரு என்றும் சொல்வார்கள். மாவிலைத் தோரணம் அவர்களுக்குத் தளிரு தோரணம். இலை எலெ, மா மாவு, ஆல் ஆல, அத்தி அத்தியேதான். நம் பகரம் அங்கே ஹகரமாகும்: பால் ஹாலு, பூ ஹூவு, ஆகவே புங்கை ஹொங்கெ. நம் வகரம் பகரமாகும்: வாழை பாளெ, வேம்பு பேவு. யுகாதி அன்று அண்டை வீட்டார் தரும் பேவு பெல்ல என்பது வேம்பும் வெல்லமும்தான். அந்தப் பண்டிகைக் காலத்தில்தான் இந்நகரத் தெருக்களில் புங்கை பழைய இலையெல்லாம் உதிர்த்து, கண் கூசும் பச்சையில் புதிதாய் நிற்கும். ஓர் இலைப் படத்தின் கீழே புங்கை என்றும் ஹொங்கெ என்றும் எழுதிப் பாருங்கள். இரண்டு மொழியும் ஒரே காம்பில் நிற்பது தெரியும். இரு மொழியாரும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் ஊரில் இதைவிட நல்ல ஒற்றுமைப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

படம் சாட்சியாகும்

பெயரும் நாளும் எழுதிய படத்துக்கு இன்னொரு பயன் உண்டு. இந்த நகரின் பசுமை தானாக வந்ததல்ல. 1908-இல் இங்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரம்பீகல், ஆண்டு முழுவதும் ஏதாவதொரு சாலை பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்தார். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் சுமார் 15 லட்சம் மரங்களை நடச் செய்தார் என்பார்கள். நடப்பட்ட மரங்களில் எத்தனை இன்று நிற்கின்றன? மெட்ரோவுக்காக 2009-இல் லால்பாக்கின் ஓரத்தையும் நந்தா சாலையையும் வெட்டினார்கள். பசவேஸ்வரா சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் கட்ட 812 மரங்களை வெட்டுவார்கள் என்றபோது, 2016 அக்டோபரில் மக்கள் கைகோத்துச் சாலையோரம் நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. மரம் வேண்டும் என்று சொல்வதற்கு, அது எந்த மரம் என்று தெரிந்த மக்கள் வேண்டும்.

மரங்கள் துளிர்க்கும் காலமும் மாறி வருகிறதா என்று ஆராய்கிறார்கள். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் தங்கள் அருகிலுள்ள ஒரு மரத்தை வாரம்தோறும் பார்த்து, துளிர், பூ, காய் பற்றிக் குறிப்பு அனுப்புகிறார்கள். உங்கள் தெருவின் புங்கையை ஆண்டுதோறும் அதே வாரத்தில், அதே கிளையில் எடுத்து நாளைக் குறித்து வைத்தால், பத்து ஆண்டில் அதுவே ஒரு பதிவேடு. 'காலை வணக்கம்' படம் மறுநாள் அழிக்கப்படும். இந்தப் படம் உங்கள் பேரனுக்கும் பயன்படும்.

வேண்டுகோள்

அன்பர்களே, நான் கேட்பது சிறிது. கிள்ளாதீர்கள். தெளிக்காதீர்கள், தெளித்தால் சொல்லிவிடுங்கள். சூரியன் எழுமுன் போய், காற்று எழுமுன் எடுங்கள். விலையுயர்ந்த லென்ஸ் இல்லாவிட்டால் கைப்பேசியே போதும். பின்னொளியும் பொறுமையும் பாதி வேலையைச் செய்துவிடும். எடுத்த ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு வரி எழுதுங்கள்: தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், இடம், நாளும் நேரமும்.

நம் சங்கங்கள் பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கின்றன, பேச்சுப் போட்டி வைக்கின்றன. ஓர் ஆண்டு இலைப் படக் கண்காட்சி வைத்தால் என்ன? பரிசு படத்தின் அழகுக்குப் பாதி, அந்த நான்கு வரிக்குப் பாதி என்று வைப்போம். முதல் படம் உங்கள் வீட்டு வாசல் மரத்தின் இலையாக இருக்கட்டும். அதன் பெயர் தெரியாவிட்டால் எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டியைக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அநேகமாக நம் பாட்டி சொன்ன பெயராகவே இருக்கும்.